அகிஹபாராவுக்குப் போன பழைய பெட்டி

திருச்சி விமான நிலையத்தில் எல்லோருடைய பையும் போய்விட்டது. என் கைப்பையை மட்டும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்கள்.

"இது என்ன சார்?"

தேங்காய்ப்பூத் துண்டைப் பிரித்துக் காட்டினேன். சாம்பல் நிறத்தில், மூலையெல்லாம் மஞ்சள் பாய்ந்த ஒரு பெட்டி.

"வீடியோ கேம் பெட்டிங்க. பழசு. பையனோடது."

"பையன் எங்கே?" என்று காவலர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். ஏழெட்டு வயதுப் பையனைத் தேடியிருப்பார் போல.

"டோக்கியோவில். முப்பத்தேழு வயசாகுது" என்றேன். சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

பெரியவன் அங்கே வேலைக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. இப்போதுதான் எங்கள் இருவருக்கும் நேரம் கூடி வந்தது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு போனில் சொன்னான். "புளி, அப்பளம் எதுவும் வேணாம்ப்பா. இங்க எல்லாம் கிடைக்குது. பரண்ல இருக்கிற கேம் பெட்டியை மட்டும் எடுத்துட்டு வாங்க. அகிஹபாரான்னு ஒரு இடம் இருக்கு. செத்துப்போன பெட்டிக்கெல்லாம் உயிர் கொடுக்கிறவங்க அங்க இருக்காங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால், அந்தப் பெட்டி சாகவில்லை. அது எனக்குத் தெரியும். இருபது வருடமாக எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2001-ல் வாங்கியது. அப்போது நான் தொலைபேசித் துறையில் இருந்தேன். ஆபீஸ் வேலையாகச் சென்னை போனபோது பர்மா பஜாரில் பேரம் பேசி 4,500 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எத்தனை கை மாறி வந்ததோ, கடைக்காரருக்கே தெரியாது. கூடவே பிளாஸ்டிக் உறையில் பத்து டிஸ்க். எல்லாம் காப்பி. அசல் டிஸ்க் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு எங்கள் குவார்ட்டர்ஸில் யாருக்கும் தெரியாது. காப்பி டிஸ்க்கை ஏற்றுக்கொள்ளும்படி உள்ளே ஒரு சிப் வைத்துத்தான் விற்பார்கள். 'சிப் போட்ட பெட்டி' என்பதே விற்பனைக்கான தகுதிச் சான்று.

வாங்கி ஆறு மாதத்தில் டிஸ்க் வாசிப்பதில் தகராறு ஆரம்பித்தது. பழைய பெட்டி, காப்பி டிஸ்க், எங்கள் தெருப் புழுதி. யாரையும் குறை சொல்வதற்கில்லை. அதன் பிறகு விளையாட்டை விட வைத்தியம்தான் அதிகம் நடந்தது. ஊதுவார்கள். பற்பசை தேய்த்துக் கழுவுவார்கள். இவள் அடுப்படியிலிருந்து வந்து புடவைத் தலைப்பால் எவர்சில்வர் தட்டைத் துடைப்பதுபோல் வட்ட வட்டமாகத் துடைத்துக் கொடுப்பாள். எதற்கும் மசியாவிட்டால் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். அது சின்னவளின் வேலை. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பெரியவன் பட்டனை அழுத்த, இவள் இரண்டு கையாலும் பெட்டியை ஆடாமல் அசையாமல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பாள். டிவியில் படம் வந்ததும் வீடே அதிரும். "லென்ஸ் டாக்டர்" என்று அண்ணன் அவளுக்குப் பட்டம் கொடுத்திருந்தான். ஆட்டத்தில் அவளுக்குக் கிடைப்பது பத்து நிமிடம்தான். ஆனால், அவள் இல்லாமல் ஆட்டம் தொடங்காது.

2003 செப்டம்பரில் பெரியவனுக்குப் பிளஸ் டூ காலாண்டுத் தேர்வு. கணக்கில் 200-க்கு 71. அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வாழ்நாள் முழுக்கக் கழற்றி மாட்டிய கைக்கு அது ஐந்து நிமிட வேலை. லென்ஸிலிருந்து மெயின் போர்டுக்கு ரிப்பன் மாதிரி ஒரு தட்டை ஒயர் போகும். அதைச் சாக்கெட்டிலிருந்து உருவி, மடித்து, டேப் ஒட்டி, மூடிவிட்டேன்.

"லென்ஸ் போயிடுச்சு" என்று மறுநாள் வீட்டில் பேச்சு. ஏற்கெனவே நோயாளிப் பெட்டி என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அடுத்த முறை சென்னை போகும்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் காட்டுவதாகச் சொல்லி எடுத்துப்போனேன். இரண்டு நாள் லாட்ஜில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தேன். "ஆயிரத்தைந்நூறு ஆகுமாம். பரீட்சை முடியட்டும்" என்றேன். பரீட்சை முடிந்தது. நல்ல மார்க். அவன் ஹாஸ்டலுக்குப் போனான், பெட்டி பரணுக்குப் போனது.

"லென்ஸ் செத்ததாலதான் நான் இன்ஜினீயர் ஆனேன்" என்பது எங்கள் வீட்டுப் புராணத்தில் ஓர் அத்தியாயம். அவன் கல்யாணத்தில்கூட நண்பர்கள் மைக்கில் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெரியவன் இருப்பது டோக்கியோவின் நிஷி கசாய். 2000-த்தை ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இந்தியர்கள் ஒவ்வொருவராகக் குடியேறி, இன்று அந்த வட்டாரத்தில் நம் முகங்கள் நிறையவே தென்படுகின்றன. நவம்பர் மாதம். சாலையோர மரங்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. அங்கிருந்து தோசாய் லைன் மெட்ரோவில் கயபாச்சோ, அங்கே ஹிபியா லைனுக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் அகிஹபாரா. ரயிலில் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்தவர்கள் பார்க்காததுபோல் பார்த்தார்கள்.

அகிஹபாரா என்றால் 'இலையுதிர்கால இலைகளின் வெளி' என்று பொருளாம். பெயரைக் கேட்டுவிட்டுப் போனால் ஏமாந்துபோவீர்கள், ஓர் இலை கிடையாது. 1869-ல் இங்கே ஒரு பெரிய தீ விபத்து. மறுபடி தீ பரவாமலிருக்க இடத்தைக் காலியாக விட்டு, தீயணைக்கும் தெய்வத்துக்கு ஒரு கோயில் கட்டினார்கள். அந்தச் சாமியின் பெயரில் இடத்துக்குப் பெயர் வந்தது. 1890-ல் ரயில் நிலையம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இந்தச் சுற்றுவட்டாரத் தெருக்களில் ரேடியோ உதிரிபாகம் விற்கும் கடைகள் காளான் மாதிரி முளைத்தன. புது ரேடியோ வாங்கக் காசில்லாத காலம். வால்வும் காயிலும் வாங்கித் தாங்களே பூட்டிக்கொண்டார்கள். 1949-ல் தெருக்கடைகளைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தபோது, கடைக்காரர்கள் மொத்தமாக ரயில் பாலத்துக்கு அடியில் இடம் பிடித்து நுழைந்துகொண்டார்கள்.

அந்தக் கடைகளின் வாரிசுகள் இன்னமும் அங்கே இருக்கின்றன. அகிஹபாரா ரேடியோ சென்டர் என்று பெயர். ஸ்டேஷனின் 'எலெக்ட்ரிக் டவுன்' வாசலில் வெளியே வந்தால் பக்கத்திலேயே. இரண்டு மாடி. தலைக்கு மேல் ரயில் தடதடக்கிறது. சந்தின் அகலம் ஓர் ஆள் போகுமளவு. எதிரே ஒருவர் வந்தால் இருவரும் பக்கவாட்டில் திரும்பி, ஜப்பானிய முறைப்படி ஒரு கும்பிடும் போட்டு நகர வேண்டும். கடை ஒவ்வொன்றும் நம்மூர் வெற்றிலைபாக்குக் கடை அளவுதான். ஒரு கடை முழுக்க ஸ்விட்ச் மட்டும். இன்னொன்றில் ஒயர் மட்டும். ஒரு பெட்டிக்குள் நூறு சின்ன அறை, அறைக்கொரு வகை கனெக்டர், ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய விலைச்சீட்டு. ஈயம் உருகும் வாசனை எங்கிருந்தோ வந்தது. கண்ணை மூடிக்கொண்டால் ரிச்சி ஸ்ட்ரீட், நரசிங்கபுரம் தெரு. கண்ணைத் திறந்தால் சத்தம்தான் இல்லை. பேரமும் இல்லை. நான் ஒரு சாதாரண டோகிள் ஸ்விட்சுக்கு விலை குறைக்கச் சொல்லிக் கையால் சைகை காட்ட, பெரியவன் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

சொல்லப்போனால் எனக்கு அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது. பெட்டியை ரிப்பேருக்குக் கொடுக்கிற நேரம் தள்ளிப்போனால் போதும்.

பாலத்தைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. கட்டடம் உயரத்துக்குக் கார்ட்டூன் பெண்கள், பொம்மை உருண்டை தரும் இயந்திர வரிசைகள், வேலைக்காரி உடையில் துண்டுப் பிரசுரம் நீட்டும் இளம்பெண்கள். ("யாரு வீட்டுப் பிள்ளைங்களோ, குளிர்ல நிக்குதுங்க" என்று இவள் ஒவ்வொருத்தியிடமும் பிரசுரத்தை வாங்கிப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டாள்.) ஞாயிறு பிற்பகலில் இந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்தி, மக்கள் நடக்க விடுகிறார்கள். போகிறவர்கள் அந்த நாளில் போகலாம். ஆனால், சின்ன உதிரிபாகக் கடைகள் சில அன்று திறப்பதில்லை. நாங்கள் போனது சனிக்கிழமை.

பெரியவன் முதலில் அழைத்துப்போனது சூப்பர் பொட்டேட்டோ என்ற கடைக்கு. பழைய வீடியோ கேம்களுக்கென்றே பெயர் போன கடை. சந்துக்குள் ஒல்லியான கட்டடம், மூன்றாவது மாடியிலிருந்து ஆரம்பம். கதவைத் திறந்ததும் பீப் பீப் என்று பழைய விளையாட்டுகளின் இசை. கூரை வரை கேசட்டும் டிஸ்க்கும். வெள்ளைக்கார இளைஞர்கள், சீனக் குடும்பங்கள், என் வயது ஜப்பானியர் ஒருவர். அவர் ஒரு கேசட்டை எடுத்து, திருப்பிப் பார்த்து, வைத்து, மறுபடி எடுத்தார். வாங்கவில்லை.

அங்கே கண்ணாடி அலமாரியில் சிவப்பும் கறுப்புமாக ஒரு கட்டை. நின்டெண்டோ கம்பெனி 1986 பிப்ரவரியில் 15,000 யென்னுக்கு விற்பனைக்கு விட்ட டிஸ்க் சிஸ்டம். ஃபேமிகாம் என்ற கேம் பெட்டிக்கு அடியில் பொருத்த வேண்டும். அதில் போடுவது பளபள டிஸ்க் அல்ல. உள்ளங்கை அளவு மஞ்சள் ஃப்ளாப்பி அட்டை. இரண்டு பக்கமும் சேர்த்துக் கொள்ளளவு 112 கிலோபைட். இன்று நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு குட்மார்னிங் படம் அதில் அடங்காது.

பெரியவன் சொல்லச் சொல்ல எனக்குத் தொழில் ஆர்வம் வந்துவிட்டது. புது விளையாட்டு 2,600 யென். ஆனால், கடைகளில் டிஸ்க் ரைட்டர் என்று ஓர் இயந்திரம் நிற்கும். அலுத்துப்போன விளையாட்டின் அட்டையைக் கொடுத்து 500 யென் கட்டினால், பழையதை அழித்துவிட்டுப் புதிய விளையாட்டை எழுதித் தருவார்கள். பழையது போனது போனதுதான். எத்தனை பிள்ளைகள் அந்த இயந்திரத்தின் முன்னால் நின்று, எதை அழிப்பது என்று யோசித்திருப்பார்களோ.

"இதோட பிரச்சினை உள்ள இருக்கிற ரப்பர் பெல்ட்ப்பா" என்றான். மோட்டாரிலிருந்து டிஸ்க்கைச் சுழற்றும் மெல்லிய பெல்ட். வருடங்கள் போகப் போகத் தளர்ந்துவிடும், அல்லது உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பெல்ட் போனால் திரையில் எர்ரர் நம்பர்தான் வரும். இப்போதும் அதற்குப் புது பெல்ட் செய்து விற்கிறார்கள், வீட்டில் உட்கார்ந்து மாற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

"கடைகள்ல அந்த மெஷினை எடுத்த பிறகும், கம்பெனிக்கு அனுப்பினா எழுதிக் கொடுத்துட்டு இருந்தாங்க. 2003-லதான் நிறுத்தினாங்க."

2003 என்றதும் எனக்கு ஒரு கணம் திக்கென்றது.

பக்கத்து அலமாரியில் சோனியின் முதல் பிளேஸ்டேஷன். 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியானது, விலை 39,800 யென். அதன் ஆரம்பகால மாடல்களைப் பற்றி உலகம் முழுக்க ஒரே கதை: கொஞ்ச காலம் ஓடியபின் படம் விட்டுவிட்டு வரும், பெட்டியைத் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ வைத்தால் சரியாகும். காரணம் எளிமையானது. டிஸ்க்கில் இருப்பது நடுவில் தொடங்கி வெளியே போகும் ஒரே சுருள் தடம். பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். அதாவது, ஒரு மில்லிமீட்டருக்குள் அறுநூறு சுற்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரை, துவரம்பருப்பு அளவு லென்ஸ் வழியாக, அந்தத் தடத்தின் மேல் பிசகாமல் செலுத்த வேண்டும். லென்ஸைச் சுமக்கும் வண்டி தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். அந்த வண்டி பிளாஸ்டிக். பக்கத்திலேயே பவர் சப்ளையின் சூடு. நகர்ந்து நகர்ந்து பிளாஸ்டிக் தேய, லென்ஸ் இம்மி இறங்கிச் சாய்ந்துவிடும். கவிழ்த்தால் அதன் எடையே அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். பிறகு வந்த மாடல்களில் லென்ஸைச் சூட்டிலிருந்து தள்ளி வைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஒரு பையனும், ஒசாகாவில் ஒரு பையனும், திருச்சி குவார்ட்டர்ஸில் ஒன்பது வயதுப் பெண்ணும் ஒரே வைத்தியத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? யாரும் யாருக்கும் கடிதம் போட்டுச் சொல்லவில்லையே.

இன்னொன்றையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாகத் துடைக்க வேண்டுமாம். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் தடத்தோடேயே நீளமாக ஓடும். அவ்வளவு தூரத்து விஷயமும் போய்விடும். குறுக்குக் கீறல் என்றால் தடத்தைச் சட்டென்று தாண்டிவிடும். அந்தச் சின்ன ஓட்டையை இயந்திரமே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். இதை இவளிடம் சொன்னதும் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் துடைச்சுத் துடைச்சுத்தான் லென்ஸ் போச்சா?"

"லென்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்றேன். "நான்தான்" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ரிப்பேர் கடை பக்கத்துச் சந்தில் இருந்தது. செங்குத்தான படி. பத்துக்குப் பத்து அறை. எழுபது வயதிருக்கும் ஒருவர், ஏப்ரன் கட்டி, நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரையில் ஒரு கூடையில் கேம் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 'ஜங்க்' என்ற சீட்டு. குப்பை என்று அர்த்தமில்லையாம். 'ஓடுமா என்று நான் பொறுப்பேற்க மாட்டேன், உன் பாடு' என்று அர்த்தம். அந்தக் கூடையிலிருந்து ஓடாததை ஓடவைப்பதற்கென்றே வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

அவர் துண்டைப் பிரித்தார். துண்டை ஒழுங்காக மடித்து என்னிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். பிறகுதான் பெட்டியைத் தொட்டார். முதலில் அடியில் இருந்த லேபிளைப் படித்தார். நம்மூர்ப் பெட்டி 220 வோல்ட், ஜப்பான் வீடுகளில் 100 வோல்ட். அலமாரியிலிருந்து ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து வைத்தார். நல்ல வேலைக்காரர் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எதுவும் அவர் கண்ணில் தப்பாது என்பதும்.

திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு காந்தத் தட்டில் வைத்தார். மூடியை எடுத்தார். சிறிது நேரம் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாமணத்தால் மெதுவாக ஒன்றைத் தூக்கிக் காட்டினார். பழுப்பேறிய டேப்பும் அதற்குள் என் ரிப்பன் ஒயரும்.

"கொவாரெத்தே நாய்" என்றார்.

'நாய்' என்றால் அவர்கள் மொழியில் 'இல்லை'. வந்த நாளிலிருந்து எங்கே போனாலும் நாய், நாய் என்று கேட்டு இவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போதும் சிரித்தாள்.

பெரியவன் சிரிக்கவில்லை. "ரிப்பேரே இல்லையாம்ப்பா. யாரோ ஒயரைக் கழட்டி வெச்சிருக்காங்களாம்."

அவர் இன்னும் ஏதோ சொன்னார். அவன் மொழிபெயர்த்தான். "ரொம்ப நீட்டா மடிச்சு, ஒயர் ஒடியாம டேப் போட்டிருக்காம். வேலை தெரிஞ்சவங்க செஞ்சதாம்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பாராட்டைக் கேட்டு ஒரு நொடி உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

"அந்த ரிச்சி ஸ்ட்ரீட் மெக்கானிக் வேலையாத்தான் இருக்கும்" என்றாள் இவள். "ஆயிரத்தைந்நூறு கேட்டானே, குடுக்கலேன்னதும் கழட்டி விட்டுட்டான் போல. பாவி."

வாசல் தானாகத் திறந்தது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பார்த்தே இராத ஒரு மெக்கானிக் இன்னொரு இருபது வருடம் அந்தப் பழியைச் சுமந்திருப்பான். வாயைத் திறந்தேன்.

"மெக்கானிக்கிட்ட நான் கொண்டே போகலை. நான்தான் கழட்டினேன்."

இவள் என்னைப் பார்த்தாள். பெரியவன் பார்க்கவில்லை. பெரியவரிடம் திரும்பி, ஏதோ சொன்னான். அவர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். லென்ஸை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றினார். தண்டவாளத்தில் காய்ந்து கெட்டியான கிரீஸை வழித்து, புதிதாக ஒரு பொட்டு வைத்தார். ஒயரை மாட்டினார். இடையில், "டிஸ்க் டிரைவையே எடுத்துட்டு மெமரி கார்டு போடற போர்டு வெச்சுக்கலாமே, பழுதே வராது" என்று ஒரு யோசனை சொன்னாராம். இப்போது நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்களாம். பெரியவன் "வேண்டாம்" என்று தலையசைத்தான். எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கொண்டுபோன காப்பி டிஸ்க்கை எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த விளையாட்டுகளை உருவாக்கிய ஊரிலேயே திருட்டுக் காப்பியை நீட்டுவதா? அவனே கூடையில் கை விட்டு 110 யென்னுக்கு ஓர் அசல் கார் ரேஸ் டிஸ்க்கை எடுத்தான். காப்பி டிஸ்க்கை விட அசல் டிஸ்க் ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும், வயதான லென்ஸுக்கு அதுதான் சுலபம் என்றார் பெரியவர்.

ஸ்விட்ச். டிஸ்க் சுற்றியது. நின்றது. சுற்றியது. கிர்ர்ர் என்றது. நின்றது. கறுப்புத் திரை.

பெரியவர் மோவாயைத் தடவி யோசிக்கத் தொடங்கினார். அதற்குள் பெரியவன் குனிந்து, ஒயரோடு பெட்டியை எடுத்து அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தான். யோசித்துச் செய்ததில்லை. கை தானாகப் போனது.

சுற்றியது. இன்னும் சுற்றியது. திரையில் கார் வந்தது. நம் பெட்டியின் வண்ண முறை வேறு, ஜப்பான் டிஸ்க்கின் முறை வேறு என்பதால் படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. பெரியவர் கை தட்டினார்.

"பாப்பா இருந்தா இதைப் பிடிச்சிருப்பா" என்றான் பெரியவன். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான். "எனக்காவது பரீட்சை இருந்துச்சு. அவ ஆறாம் கிளாஸ்ப்பா. அவளுக்கு என்ன பரீட்சை?"

என்னிடம் பதில் இல்லை. 71 மார்க்கைப் பற்றி இருபது வருடமாக எனக்குள் நியாயம் பேசியிருக்கிறேன். சின்னவளைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த செப்டம்பருக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒரே பாயில் உட்கார்ந்து நான் பார்க்கவே இல்லை என்பது அந்தக் கடையில் நிற்கும்போதுதான் உறைத்தது. அவனுக்கு டியூஷன். பிறகு ஹாஸ்டல். பிறகு வேலை. இன்று தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறார்கள்.

அங்கே மணி நான்கு. கோயம்புத்தூரில் பன்னிரண்டரை. அவன் சின்னவளுக்கு வீடியோ கால் போட்டான். கவிழ்ந்த பெட்டியையும் திரையையும் காட்டினான். ஆபீஸ் என்றும் பாராமல் அவள் போட்ட சத்தத்தில் பெரியவரே எட்டிப் பார்த்தார்.

"லென்ஸ் போகலை. யாரோ ஒயரைக் கழட்டி வெச்சிருந்திருக்காங்க. யாருன்னு சொல்லு பார்ப்போம்?"

"அப்பா" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தேன். ஹால்ல லைட் எரிஞ்சுது. அப்பா கீழே உட்கார்ந்து டேப் ஒட்டிட்டு இருந்தார்."

நான் போனை வாங்கினேன். "ஏம்மா யாருகிட்டயும் சொல்லலை?"

"பரீட்சை முடிஞ்சதும் மாட்டிடுவீங்கன்னு நெனச்சேன்ப்பா. மே மாசம் பூரா பார்த்துட்டே இருந்தேன். அப்புறம் அண்ணன் ஹாஸ்டல் போயிட்டான்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்களும் மறந்துட்டீங்க" என்றாள்.

பெரியவர் 2,200 யென்னுக்கு ரசீது எழுதினார். மூடியைப் பூட்டும் முன் அந்தப் பழைய டேப் துண்டைச் சாமணத்தால் எடுத்து, வேண்டுமா என்பதுபோல் என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே ஜப்பானியச் சொல்லில், "நாய்" என்றேன்.

அன்று இரவு நிஷி கசாய் வீட்டில் பெரியவன் விளையாடுவான் என்று நினைத்தேன். அவன் பெட்டியைத் துண்டில் சுற்றி என் பைக்குள் வைத்துவிட்டான். "பாப்பாகிட்ட கொண்டுபோய்க் கொடுங்க. பொங்கலுக்கு நான் அங்க வர்றேன். அவ பிடிக்கட்டும்."

திரும்பும்போது சிங்கப்பூரில் விமானம் மாற வேண்டும். சோதனையில் பையை மறுபடி ஓரம் கட்டினார்கள். திறந்து காட்டினேன். யாருடையது என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மை டாட்டர்ஸ்" என்றேன்.